‘பகுத்தறிவு’ என்னும் சொல்லும் அதன் ஆட்சியும்: வன்னிச் சான்றுகள் சிலவற்றை முன்வைத்து ஒரு நோக்கு

கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்திலே தமிழிற் பெருவழக்குப் பெற்ற கருத்துச் சொற்களுள் ‘பகுத்தறிவு’ என்பதும் ஒன்று. பாடசாலைக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் அது இடையறாது வழங்குகின்றது. ஆயினும் பெருவழக்குற்ற சொற்களுக்கு நேரும் கதியே இதற்கும் நேர்ந்துள்ளது. எல்லோரும் பயன்படுத்துவதனால் எவரும் அதனை நின்று நோக்குவதில்லை. ஆராய்தலையே பொருளாகக் கொண்ட ஒரு சொல் ஆராயப்படாது கிடப்பது சற்று வேடிக்கையானதே.

வன்னிப் பகுதியிலிருந்து வந்த முதலாமாண்டு மாணவர் சிலரிடம் இச்சொல்லுக்குப் பொருள் எழுதுமாறு ஒருமுறை கேட்டோம். பெரும்பாலோர் ‘கடவுளை நம்பாமை’, ‘மூடநம்பிக்கை இன்மை’ என்றவாறு எழுதினர். சிலர் ‘ஆறாவது அறிவு’ என்றனர். ஒரு மாணவி மாத்திரம் ‘எங்கள் அம்மாவிடம் இல்லாதது’ என்று எழுதியிருந்தார். நகையாடும் நோக்குடன் எழுதப்பட்டதன்று அது. விசாரித்தபோது, 2009 ஆம் ஆண்டுப் போரின் இறுதி நாள்களிலே காணாமல் ஆக்கப்பட்ட மூத்த மகனைத் தேடிக் கோயில் கோயிலாகச் சென்று குறி கேட்பவர் அத்தாய் என்பது தெரியவந்தது. மகள் வெட்கத்தோடு கூறினார்: “அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஏலாது, சேர்.” இக்கட்டுரையை அம்மாணவியின் விடைக்கு நாம் காலந்தாழ்த்தி எழுதும் மறுமொழியாகவும் கொள்ளலாம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். ‘பகு’ என்னும் அடியிலிருந்து பகுப்பு, பகல், பகை, பகிர்வு எனப் பல சொற்கள் தோன்றியுள்ளன. ஒன்றை இரண்டாகவோ பலவாகவோ பிரித்தல் என்பதே இவற்றின் அடிப்படைப் பொருள். தமிழ் மாணவர் அனைவரும் இவ்வடியைச் சந்திக்கும் இடம் இலக்கண வகுப்பாகும். நன்னூலார் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இரண்டாக்கிப் பகுபதத்தின் உறுப்புகளாகப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறையும் கூறுவர். (இவற்றுட் பகுதி, விகுதி என்பன பிரகிருதி, விகிருதி என்னும் வடசொற்களின் திரிபென்பர் அறிஞர்; பகுபதம் என்பதோ தமிழ் வினையடிப் பிறந்தது.) பகுபத உறுப்பிலக்கணம் மாணவருக்குச் சலிப்பூட்டும் பாடமெனப் பெயர் பெற்றதாயினும், அதன் முறையிலே கருதத்தக்க ஓர் உண்மை உண்டு. அங்கே சொல்லைச் சிதைப்பதற்காக எவரும் பிரிப்பதில்லை. எவ்வுறுப்பு எதனைச் சுட்டுகின்றது, காலம் எங்கே நிற்கின்றது, செய்தவன் எங்கே நிற்கின்றான் என்பதைக் கண்டு, பின்னர் முழுச் சொல்லின் பொருளை உணர்வதற்காகவே பிரிக்கின்றோம்.

பகுத்தலுக்குத் தமிழில் இன்னுமொரு வாழ்வும் உண்டு. வள்ளுவர் கொல்லாமை பற்றிய அதிகாரத்திலே, கிடைத்த உணவைப் பிறரோடு பகிர்ந்துண்டு உயிர்களைப் பேணுதலைப் போற்றுமிடத்து இவ்வினையையே ஆளுகின்றார். பங்கிடும் கையும் ஆராயும் அறிவும் ஒரே வினையடியில் வந்து பொருந்துவதைத் தற்செயல் என ஒதுக்குவதற்கில்லை. வடமொழியின் ‘விவேகம்’ புடைத்துப் பிரித்தல் என்னும் பொருளுடைய அடியிற் பிறந்தது. ஐரோப்பிய மொழிகளிற் பகுப்பாய்வைக் குறிக்க வழங்கும் கிரேக்கச் சொல் முடிச்சவிழ்த்தலைக் குறிப்பது. நெற்களத்துச் செயலும் கயிற்றைக் கையாளும் செயலும் அவ்வம்மொழியில் அறிவின் பெயர்களாயின. தமிழிலே பங்கிடும் செயல் அறிவின் பெயராயிற்று. உழைப்பின் அனுபவத்திலிருந்தே கருத்துநிலைச் சொற்கள் உருவாகின்றன என்பதற்கு இவை எளிய சான்றுகள்.

‘ஆறாவது அறிவு’ என்ற விளக்கத்தைப் பற்றி ஒரு சொல். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுத்து, ஆறாவதாக மனத்தை வைக்கின்றது. ஆங்கு ‘பகுத்தறிவு’ என்னும் சொல் இல்லை. மனத்தின் இடத்திலே பகுத்தறிவை இருத்தியது பிற்கால வழக்கு. மனிதனை அறிவுடைய விலங்கென வரையறுத்த அரிஸ்டோட்டிலின் மரபு ஐரோப்பியக் கல்வி வழியாக இங்கு வந்து தொல்காப்பிய வகைப்பாட்டோடு கலந்ததன் விளைவாகவே இதனைக் கருதத் தோன்றுகின்றது. இக்கலப்பினால் நேர்ந்த இடர் யாதெனில், பகுத்தறிதல் என்னும் தொழில், ‘பகுத்தறிவு’ என்னும் உடைமையாக மாறிற்று. உடைமையென ஆனதும் அது சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை என்னும் கணக்குத் தொடங்கிவிடுகின்றது. எம் மாணவியின் விடை அக்கணக்கிலே எழுதப்பட்டது.

தருக்க மரபு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை பல சமயத்தாரின் அளவைகளையும் ஒரே அரங்கில் நிறுத்துகின்றது. பொருள்முதல்வாதியாகிய பூதவாதிக்கும் அங்கே பேச இடமுண்டு. சைவ சித்தாந்தமும் அளவையியலுக்கு இடமளித்தது. எனினும் இவையெல்லாம் மடங்களுக்குள்ளும் வித்துவான்களுக்கிடையிலும் நிகழ்ந்த வாதங்கள். பொதுமக்களின் நாளாந்த வாழ்வை நோக்கித் தருக்கம் திரும்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். யாழ்ப்பாணத்திலே மிசனரிமார் சைவத்தைத் தாக்கியபோது, அவர்தம் கருவிகளையே கைக்கொண்டு ஆறுமுகநாவலர் மறுத்தெழுதினார்; 1854 இல் வெளிவந்த ‘சைவதூஷணபரிகாரம்’ அம்முயற்சியின் சிறந்த பேறு. நாவலரின் உரைநடையிலே காணப்படும் தெளிவும் ஒழுங்கும் தமிழ்ச் சிந்தனைக்குக் கிடைத்த ஆக்கம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நாவலர் எதனைப் பகுத்தார் என்பதையும் கேட்டாதல் வேண்டும். ஆகமவழிப்பட்டது எது, ஆகமத்துக்குப் புறம்பானது எது எனப் பகுத்தார். அப்பகுப்பிலே கண்ணகி வழிபாடு புறத்தே தள்ளப்பட்டது. சமண வணிகர் குலத்துப் பெண்ணொருத்தியைச் சைவர் வணங்குதல் தகாது என்பது அவர் வாதம். அதன் செல்வாக்கால் யாழ்ப்பாணத்தில் இருந்த கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களுக்கு மாறின. வாதம் தருக்க முறைக்கு முற்றும் இணங்கியது. கண்ணகி ஒரு காப்பிய மாந்தர். ஆகமங்களில் அவளுக்கு இடமில்லை. ஆயினும் அத்தருக்கத்தினால் நிலைபெற்ற கோயில் எத்தகையது என்று பார்த்தால், பிராமணக் குருக்களும் நிலவுடைமை வேளாளரும் நடத்தும் கோயிலாகவும், ஒடுக்கப்பட்ட சாதியார் வெளி வீதியில் நிற்கும் கோயிலாகவும் அது அமைந்தது. தருக்கத்தின் ஒழுங்கு வேறு, அது யாருக்குப் பயன்பட்டது என்பது வேறு. இவ்விரண்டையும் சேர்த்துப் பாராதவிடத்து நாவலரைப் போற்றவும் தூற்றவும் முடியுமேயன்றி விளங்கிக்கொள்ள முடியாது.

‘பகுத்தறிவு’ என்னும் சொல்லுக்கு இன்றுள்ள போர்க்குணத்தை அளித்தது தமிழகத்தின் சுயமரியாதை இயக்கமாகும். 1925 இல் ‘குடி அரசு’ தோன்றியது. 1934 இல் ‘பகுத்தறிவு’ என்னும் பெயரிலேயே பெரியார் ஓர் இதழை நடத்தினார். இவ்வாட்சியைச் சிறுமைப்படுத்துதல் எமது நோக்கமன்று. புராணங்களுக்கும் சாதிக்கும் உள்ள உறவை இவ்வளவு அஞ்சாமையுடன் பொதுமக்கள் முன்னே பிரித்துக் காட்டிய இயக்கம் தமிழில் வேறில்லை. 1931 இலே மார்க்ஸ், ஏங்கெல்ஸ் ஆகியோரின் கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் ‘குடி அரசு’ ஏட்டிலேயே வெளிவந்தது. சிங்காரவேலர் பொருள்முதல்வாதத்தையும் விஞ்ஞானத்தையும் அதிலே எழுதினார். 1932 ஒக்டோபரிலே சோவியத் நாட்டிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பும் வழியிற் பெரியார் கொழும்பில் இறங்கிப் பேசியபோதும், அவ்வாண்டின் இறுதியில் ஈரோட்டுத் திட்டம் வகுக்கப்பட்டபோதும், பகுத்தறிவும் சமதர்மமும் ஒரே கட்டிலே இருந்தன.

அக்கட்டு நிலைக்கவில்லை. அரசாங்கத்தின் அடக்குமுறைக்கு முகங்கொடுத்த இயக்கம் 1935 அளவிலே சமதர்மப் பிரசாரத்தைத் தணித்துக்கொண்டது. எமது கருத்திலே, இச்சொல்லின் பொருள் குறுகத் தொடங்கியதும் அவ்விடத்திலேதான். உற்பத்தி உறவுகளைப் பகுத்தறியும் பாதி கழன்றுவிட, தெய்வத்தைப் பகுத்தறியும் பாதி மாத்திரம் எஞ்சியது. காலப்போக்கிலே அது கேள்வி என்னும் நிலையிலிருந்து தீர்ப்பு என்னும் நிலைக்கு வந்தது. இருக்கின்றதா, இல்லையா? நம்புகின்றாயா, இல்லையா? இவ்விரண்டு வினாக்களோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. ஏங்கெல்ஸ் 1878 இல் டூரிங்குக்கு எழுதிய மறுப்பிலே, பொருள்களைத் தொடர்பறுத்துத் தனித்தனியே வைத்து ஆம், இல்லை என்று மட்டும் கூறும் சிந்தனைமுறையின் வரம்புகளைக் காட்டினார். அம்முறை நாத்திகனிடமும் இருக்கலாம். யாந்திரிகப் பொருள்முதல்வாதம் எனப்படுவது அதுவே.

ஈழத்து முற்போக்கு இயக்கம் இவ்விடத்திலே வேறு பாதையிற் சென்றதைக் குறிப்பிடுதல் தகும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியபோது அவர்களோடு நின்றோரிற் பலர் கம்யூனிஸ்டுகள். கடவுளை நம்பாதவர்களுக்குக் கோயிலினுள்ளே என்ன வேலை என்று அன்று கேலி செய்தோர் உளர். கேலி செய்தோருள் பகுத்தறிவுவாதிகள் எனத் தம்மை அழைத்துக்கொண்டோரும் இருந்திருப்பின் நாம் வியப்படைய மாட்டோம். போராட்டக்காரரோ உள்ளே தெய்வம் உண்டா என்னும் வினாவை எழுப்பவில்லை. வாயிலை மறித்து நிற்பவர் யார், எந்த உரிமையால் மறிக்கின்றார் என்றே கேட்டனர். பகுத்தறிதல் என்னும் வினை தன் முழுப் பொருளில் இயங்கிய இடமாக நாம் அதனைக் காண்கின்றோம்.

இனி வன்னிக்கு வருவோம். நாவலர் காலத்துச் சீர்திருத்தம் யாழ்ப்பாணத்திற் கண்ணகியை இடம்பெயர்த்ததாயினும் வன்னியிலே அது வேரூன்றவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் இன்றும் வைகாசிப் பொங்கலன்று இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் மக்களை ஈர்க்கின்றது. யாழ்ப்பாணத்துக் கற்றோர் வன்னியரைப் பற்றிக் கொண்டிருந்த ஏளனத்துக்கு இக்கோயிலின் ஒரு சடங்கு நெடுங்காலமாகத் தீனி போட்டு வந்துள்ளது. உப்பு நீரில் விளக்கெரித்தலே அது. பாக்குத் தெண்டலோடு தொடங்கும் கிரியைகளின் தொடர்ச்சியாகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலே கடல்நீர் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்படும். அந்நீரிலே அங்கு விளக்கேற்றப்பட்டு ஒரு வாரம் எரியும். பின்னர் வற்றாப்பளையிலே பொங்கல் நிகழும்.

கடல்நீர் எரியாது என்பது வேதியியல் உண்மை. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. நாமும் அதில் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இல்லை. ஆனால் ‘எரியாது’ என்று கூறியபின் ஆராய்ச்சி முடிந்துவிட்டதா? முள்ளியவளையிலே நாம் சந்தித்த முதியவர் ஒருவர் எம் முகத்தைப் பார்த்தே வினாவை ஊகித்துக்கொண்டார். “தம்பி, எரியுதோ எரியேல்லையோ எண்டதை விடுங்கோ. தண்ணி அள்ளுறது ஆர், சுமக்கிறது ஆர், விளக்கேத்திறது ஆர் எண்டு கேளுங்கோ. அதிலைதான் ஊர் இருக்கு.” எந்தப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் கற்றவரல்லர் அவர். நாம் பல நாள் ஏடுகளில் தேடிய ஆய்வுமுறையை நின்ற நிலையிலே கூறிவிட்டார்.

அவர் காட்டிய வழியே சென்றால், சடங்கு உறுப்புறுப்பாகப் பிரிகின்றது. நீர் கடலோர மீனவ ஊரிலிருந்து வருகின்றது. அரிசி வயலிலிருந்து வருகின்றது. ஐதிகமோ மாடு மேய்த்த சிறுவரைப் பற்றியது: மதுரையை எரித்து வந்த கண்ணகி மூதாட்டி வடிவிலே நந்திக்கடலோரத்தில் இடைச் சிறுவரிடம் வந்தாள் என்றும், விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்று அவர்கள் கூறக் கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாள் என்றும் கூறுவர். கடல், வயல், மேய்ச்சற்றரை என்னும் மூன்று உற்பத்திக் களங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விளக்கின் முன்னே கூடுகின்றன. காலமோ வைகாசி. காலபோக அறுவடை முடிந்து, குளங்கள் வற்றத் தொடங்கி, வெப்பு நோய்க்கும் கால்நடை நோய்க்கும் மக்கள் அஞ்சும் கோடை அது. இன்ன பணி இன்னாருக்கு என்னும் வரையறை ஊர்களுக்கிடையிலான உறவையும் ஊருக்குள்ளிருக்கும் ஏற்றத்தாழ்வையும் ஒருங்கே காட்டுகின்றது. சடங்கு ஒற்றுமையை மட்டுமே வெளியிடுகின்றது என்று கூறுவோரோடும் நாம் உடன்படுவதற்கில்லை.

ஐதிகத்தின் உயிர்நிலை எது? எண்ணெய் இல்லாமையே என்பது எமது துணிபு. அற்புதக் கதைகளிலே தெய்வம் தருவதை மாத்திரம் நோக்குதல் வழக்கம். மனிதரிடம் இல்லாததை நோக்குவோர் குறைவு. மேய்ப்பரிடம் எண்ணெய் இல்லை, எதிரே அள்ள அள்ளக் குறையாத நீர் இருக்கின்றது. ஜோர்ஜ் தொம்சனும், அவரைத் தழுவி 1959 இல் ‘லோகாயத’ என்னும் நூலை எழுதிய தேவிபிரசாத் சட்டோபாத்யாயாவும், மாந்திரீகத்தை மெய்யான தொழினுட்பத்தின் போதாமையை ஈடுசெய்யும் கற்பனைத் தொழினுட்பம் என விளக்கினர். நா. வானமாமலை 1969 இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் நாட்டார் வழக்காறுகளை இத்தகைய சமூகவியல் நோக்கில் அணுகுவதற்குத் தமிழிலே களம் அமைத்தது. அந்நோக்கிலே, உப்பு நீர் விளக்கு வறியவரின் விருப்பம் ஒன்றைக் கடலோடு இணைத்த உருவம். அதனைப் பொய் எனக் கூறுதல் சரி. பொய்யென்று மட்டும் கூறுதல் அரைகுறை.

கண்ணகி வன்னித் தமிழருக்கு மட்டும் உரியவளல்லள் என்பதையும் கூறல் வேண்டும். சிங்கள விவசாயிகள் பத்தினி தெய்யோ என அவளை வழிபடுவதைக் கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இரு மொழி பேசும் உழவரும் ஒரே தெய்வத்திடம் மழையையும் நோய் நீக்கத்தையும் வேண்டியிருக்க, அத்தெய்வத்தை ஒரு பக்கத்தார் ஆகமத்தின் பெயரால் ஒதுக்க முற்பட்டதன் வர்க்கப் பொருள் இன்னும் தனியே ஆராயத்தக்கது.

பகுத்தலின் மற்றைப் பொருள், அதாவது பங்கிடுதல், வன்னியிலே இன்றும் நூல்வழக்கன்று, நீர்வழக்கு. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் கீழ் வட்டக்கச்சி, முரசுமோட்டை, பரந்தன், உருத்திரபுரம் முதலிய இடங்களில் நெல் விளைகின்றது. காலபோகத்துக்கு மழை துணைநிற்கும். சிறுபோகத்துக்குக் குளத்து நீரே கதி. எனவே ஒவ்வோராண்டும் கமக்காரர் கூட்டத்திலே குளத்தில் எவ்வளவு நீர் நிற்கின்றது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்த வாய்க்காலின் கீழ் விதைப்பது, விதைக்கும் நிலத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பன தீர்மானிக்கப்படுகின்றன. முழு நிலத்துக்கும் நீர் காணாதவிடத்து ஒரு பகுதி நிலம் மாத்திரம் விதைக்கப்பட்டு, அது பங்காகப் பிரிக்கப்படும். முன்னாளிலே ஊர்க் குளங்களின் கீழ் வட்டவிதானை இதனை மேற்பார்வை செய்தார். ஆவியாகப் போகும் நீர், வாய்க்காலிலே ஊறிப்போகும் நீர், கடைமடைக்காரனின் முறைப்பாடு ஆகிய யாவும் இக்கணக்கில் அடங்கும். துருசு திறக்கும் நாளைக் குறிப்பதற்கு நல்ல நேரம் பார்ப்பதும் பொங்குவதும் உண்டு. ஆனால் நல்ல நேரம் பார்க்கும் அதே கமக்காரர் நீரின் அளவை நேரத்திடம் விடுவதில்லை. அடிக்கணக்கில் அளந்தே பேசுவர். நம்பிக்கையும் கணிப்பும் ஒரே மனிதரிடத்தே வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. ‘பகுத்தறிவு உள்ளவர், இல்லாதவர்’ என்னும் பிரிவு இம்மனிதரை எப்பக்கத்தில் நிறுத்தும்?

இப்பங்கீட்டை ஆதிப் பொதுவுடைமையின் எச்சமெனப் போற்றும் மயக்கத்துக்கும் நாம் ஆளாகலாகாது. பங்கு நிலமுடையாருக்கே உரியது. 1958 ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னரும், 1977 ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னர் பெருந்தொகையாகவும் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவ்வயல்களிலே நாற்று நட்டன, களை பிடுங்கின, அரிவு வெட்டின. நீர் பங்கிடும் கூட்டத்திலே அவர்களுட் பெரும்பாலோருக்கு இருக்கை இருக்கவில்லை. ‘பல்லுயிர் பேணல்’ பற்றி மேடைகளிற் பேசும் எம்மவர் இக்கூட்டங்களின் வரவுப் பதிவுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

இங்கே முறையியல் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1857 இல் எழுதிய முன்னுரைக் குறிப்பிலே மார்க்ஸ், முழுமையாகத் தோன்றும் ஒன்றிலிருந்து தொடங்கி அதன் எளிய கூறுகளைப் பிரித்தறிந்து, பின்னர் அக்கூறுகளின் உறவுகளோடு கூடிய முழுமைக்கு மீள்வதே விஞ்ஞான முறையென விளக்கினார். முதற் பாதியோடு நின்றுவிடுதல் பெருங்குறை. எமது இலக்கண மரபுக்கும் இது அந்நியமன்று: நூல் செய்யும் வகைகளைக் கூறுமிடத்துத் தொல்காப்பியம் தொகுத்தலையும் விரித்தலையும் அடுத்தடுத்து வைக்கின்றது. மதத்தைப் பற்றி 1844 இலே மார்க்ஸ் எழுதியதன் கடைசிச் சொல்லாகிய அபினியை மாத்திரம் பலர் மனனஞ் செய்துள்ளனர். அதற்கு முந்திய வாக்கியங்கள் மதத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சாகக் காண்கின்றன. அபினியை எடுத்துப் பெருமூச்சை விட்டுவிடுதல் பாதிப் பகுப்பு.

மீண்டும் அந்தத் தாயிடம் வருகின்றோம். வற்றாப்பளை நந்திக்கடலின் ஒரு கரையில் உள்ளது; நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்திலே முள்ளிவாய்க்கால் உள்ளது. 2009 மே மாதத்திலே அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களுட் பல தம் பிள்ளைகளையும் கணவரையும் படையினரிடம் தம் கையாலேயே ஒப்படைத்ததாகச் சாட்சியமளித்துள்ளன. ஒப்படைக்கப்பட்டோர் எங்கே என்பதற்கு மறுமொழி கிட்டவில்லை. ஆணைக்குழுக்கள் அமர்ந்தன, படிவங்கள் நிரப்பப்பட்டன. 2016 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டு 2018 இலே அதன் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். அதற்கு முன்னரே, 2017 பெப்ரவரியிலே, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து தொடர்போராட்டத்தைத் தொடங்கியிருந்தனர்.

இத்தாய்மாருட் பலர் குறி கேட்கின்றனர், சாதகம் பார்ப்பிக்கின்றனர், நேர்த்தி வைக்கின்றனர். ‘மகன் மேற்குத் திசையில் உயிரோடு இருக்கிறான்’ என்று சொல்லும் குறிகாரருக்கு அவர்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கூலிப்பணம். அக்குறிகாரர்களிற் சிலர் துயரத்தை விலைப்படுத்தும் வணிகர்கள் என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது: பதிலளிக்கும் கடமையுடைய நிறுவனங்கள் அனைத்தும் வாய்மூடியிருக்க, பதில் என்று ஏதோ ஒன்றைச் சொல்லும் ஒரே வாயிடம் சென்று அமரும் பெண் எதனை நம்புகின்றாள்? அவள் நம்புவது குறியை என்பது மேலோட்டமான விடை. அவளுடைய வினா அழிந்துபோகாது காக்கும் இடமொன்று அவளுக்குத் தேவைப்படுகின்றது.

அத்தாய்மார் செய்த இன்னொரு காரியத்தைக் கல்வியாளர் போதியளவு கவனித்ததாகத் தோன்றவில்லை. ‘காணாமற் போனோர்’ என்னும் தொடரை ஏற்க அவர்கள் மறுத்தனர். ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே தம் பதாகைகளில் எழுதினர், ஊடகவியலாளரையும் அவ்வாறே எழுதும்படி வற்புறுத்தினர். நன்னூல் முறையிலே நோக்குவோம். ‘போனோர்’ என்பதிற் பகுதி ‘போ’, அது தன்வினை. போனவரே வினைமுதல். சென்றவர் தாமாகவே சென்றார், தேடுவதற்கு மட்டுமே இடமுண்டு, கேட்பதற்கு ஆளில்லை. ‘ஆக்கப்பட்டோர்’ என்பதோ செயப்பாட்டுவினை. ஆக்கியவர் சொல்லிலே வெளிப்படவில்லையாயினும் ஆக்கியவர் ஒருவர் உண்டென்பதை அச்சொல் மறைக்கவிடுவதில்லை. ‘வலிந்து’ என்னும் வினையெச்சம் அவர் செயலின் தன்மையைச் சேர்க்கின்றது. ஒரு பகுபதத்தைப் பிரித்து, அதற்குள்ளே ஒளித்து வைக்கப்பட்ட எழுவாயைக் கண்டுபிடித்துள்ளனர் இப்பெண்கள். இவர்களுட் பலர் பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர்கள். ஆய்வாளராகிய நாமோ எம் கட்டுரைகளிலே பல காலம் ‘காணாமற் போனோர்’ என்றே எழுதிவந்தோம். இதனை எழுதுபவரின் முன்னைய கட்டுரை ஒன்றிலும் அத்தொடர் உண்டு.

அம்மாணவி பின்னொருநாள் தம் தாயாரின் கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். பழைய பிளாஸ்டிக் உறை. உள்ளே பிறப்புச் சான்றிதழின் பிரதிகள், முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டுகள், பல்வேறு ஆண்டுகளில் நிரப்பிய படிவங்களின் பிரதிகள், ஒரு கோயிலின் விபூதிப் பொட்டலம், ஒரு சாதகக் குறிப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் திகதியும், அதனைப் பெற்றுக்கொண்ட அலுவலரின் பதவியும் சிறு எழுத்திலே குறிக்கப்பட்டிருந்தன. படிவமொன்றிலே ‘காணாமற் போன நபரின் பெயர்’ என்று அச்சிடப்பட்டிருந்த வரியில், ‘போன’ என்னும் சொல் நீல மையினாலே வெட்டப்பட்டு, மேலே ‘ஆக்கப்பட்ட’ என்று எழுதப்பட்டிருந்தது. “இதை அம்மா எப்ப எழுதினவ?” என்று கேட்டோம். மாணவி தாளைத் தன்பக்கம் திருப்பி மூலையிலிருந்த திகதியை வாசித்தார். போராட்டப் பந்தல்கள் போடப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்திய திகதி அது.